முறை

வீட்டில் ஆறு குழாய்.
ஆறையும் திறந்து வைத்துவிட்டு
வாசலில் நின்று வானம் பார்ப்பார்.
"கடைமடைக்கு இன்னும் எட்டல" என்பார்.

முப்பத்தோரு வருஷம் கோரையாற்று மதகில் லஸ்கர்.
ஓய்வுபெற்று எட்டு வருஷம்.
போன தையிலிருந்து
என் பெயர் அவருக்குச் சில நாள் உண்டு, சில நாள் இல்லை.
ஷட்டர் நம்பர்கள் மட்டும் வரிசை தப்பவே இல்லை.

ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான்.
இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது.
ஒருநாள் வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.
ஒரே ஒருநாள்.
அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும்.

மன்னார்குடியில் அந்த மாதிரி இடம் மூன்று இருப்பதாகச் சொன்னான்
மருந்துக்கடை இளஞ்சேரன்.
காலையில் விட்டு மாலையில் கூட்டி வரலாமாம்.
"ஸ்கூல் மாதிரிதான்க்கா."
ஸ்கூலுக்குப் போன பிள்ளை
போனதைவிட ஒரு எழுத்தாவது கூடத் தெரிந்துகொண்டு வரும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

முதல் இடத்தில் கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி,
ஒரே டிவியைப் பார்த்தபடி பன்னிரண்டு நாற்காலி.
கேமரா இருக்கிறது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர்.
எனக்குத் தட்டில் இருப்பதைவிட
தட்டின் அடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்தே பழக்கம்.
குனிந்து கால்களைப் பார்த்தேன்.
இருபத்து நாலு காலிலும் நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது.
குறை சொல்ல முடியாது.
குழாய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்:
"இங்க எல்லாம் சென்சார்மா. கையக் காட்டினா வரும், எடுத்தா நின்னுடும்."
திருகுவதற்கு எதுவுமே இல்லாத குழாய்.
அவர் கையை எங்கே வைப்பார்?

இரண்டாவது இடத்துக்குச் சொல்லாமல் போனேன், மதியம் மூன்று மணிக்கு.
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.
உள்ளே யாரோ "தம்பி, தம்பி" என்று
ஒரே அளவு இடைவெளியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"அரை மாத்திரை போதும்மா,
சாயங்காலம் வரைக்கும் தொந்தரவே இருக்காது."
கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது, பாமணியாற்றுக் கரையில்,
மூடிப்போன அரிசி ஆலைக்குப் பின்னால்.
சுண்ணாம்பு உதிர்கிற சுவர்.
பினாயில் வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை.
கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது,
உள்தாழ்ப்பாள் இல்லை. இரண்டையும் மனசில் எழுதிக்கொண்டேன்.
ஜெயசீலி என்கிற பெண்
ஒருவருக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.
"இவரு முழுங்கட்டும், வர்றேன்."
நாலு வாய்.
நான் நின்றபடியே இருந்தேன்.
ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த உருண்டை எடுத்தாள்.

இரண்டு பேருக்கு நகம் வளர்ந்திருக்கிறது என்றேன்.
கோபப்படவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள்.
குழாயைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.
"வெளியில வால்வு இருக்கு, அத மூடிடுறேன். திறக்கட்டுமே."
"தண்ணி வரலன்னா?"
"ஏன் வரலன்னு நம்மளவிட அவருக்குத்தானே தெரியும்."

மாசம் ஏழாயிரத்து ஐந்நூறு. வேன் தனி.

முதல் நாள் நானும் கூட இருந்தேன்.
நேரே கொல்லைக் குழாய்க்குப் போனார்.
முழுசாகத் திருகினார்.
ஒரு சொட்டு இல்லை.
எனக்கு மூச்சு நின்றது.
குனிந்து குழாய்க்குள் பார்த்தார், நிமிர்ந்தார்.
"முறை வச்சிட்டான். நமக்கு வெள்ளிக்கிழமதான்" என்று
பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.
அவர் தலையாட்டினார்.
அவரும் ஒருகாலத்தில் தண்ணீருக்குக் காத்திருந்தவராய் இருக்கலாம்.

மனுஷனை ஏமாற்றுகிறோமா?
சர்க்கரை எடை போடும்போது
முள் நிற்கும்வரை அந்தக் கேள்வியும் கூடவே ஆடுகிறது.
நின்ற பிறகும் சில நேரம்.

வெள்ளிக்கிழமை வேன் ஐந்து மணிக்கு வந்தது.
சட்டையில் ரசக் கறை, நகம் வெட்டியிருந்தது.
செருப்பைக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்க்
குழாயைத் திறந்தார்.
"வந்துடுச்சு" என்றார், யாரிடமோ.

ஒரு குடம் அளவு ஓடும்வரை
நான் மூடவில்லை.